இண்டியானாபொலிஸ் தடத்தில் இருவர்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையைக் கடந்து, பாறசாலையைத் தொட்டு, களியக்காவிளைக்கு அருகில் ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்துள் புகுகின்றது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் அவ்விடத்தில் மாநில எல்லை என்பதே இல்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அந்நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் பெயருடன் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நேசமணி முதலிய தலைவர்களின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டிருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. பிறந்த ஊரை விட்டு ஓரடியும் எடுத்து வையாமலே அங்குள்ள தமிழ் மக்கள் பிற மாநிலத் தமிழர் ஆயினர்.

பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பிழைப்பை நாடிச் சென்ற தமிழர்களும், எல்லை தம்மைக் கடந்து சென்றதனால் வேற்று மாநிலத்தில் வாழ நேர்ந்த தமிழர்களும் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். தம் மொழி வழங்காத இடத்தில் ஒருவனுக்காக முதலில் பேசுவது அவன் கைத்தொழில்தான். அந்தக் கைத்தொழிலைக் கற்பதற்கு உரிய இடம் சொந்த நாட்டில் இல்லையாயின் அவன் என்ன செய்வான் என்னும் வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கை வரலாற்றை இங்கே நாம் சொல்லப் புகுகின்றோம். அது மோட்டார்ப் பந்தய ஓட்டுநர் ஒருவருடைய வரலாறு. அவருக்கு இணையாக ஆங்கிலேயர் ஒருவருடைய வரலாற்றையும் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

எல்லை பிறந்த அந்த 1956 ஆம் ஆண்டை நாம் நினைவூட்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதே ஆண்டில் உலகின் மறுகோடியிலே, அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் ஒன்று அமைத்து, அதன்மேல் புல் வெட்டும் கருவிக்கென்று செய்யப்பட்ட சிறிய எஞ்சினைப் பொருத்தி ஒரு வண்டி செய்தார். மேற்கூடு இல்லை, வில் இல்லை, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். இதுவே ‘கார்ட்’ என்று உலகெங்கும் வழங்கும் சிறு பந்தய வண்டியின் பிறப்பு. இங்கல்ஸ் வேலை பார்த்த கர்ட்டிஸ் கிராஃப்ட் தொழிற்சாலையோ, இண்டியானாபொலிஸ் பெரும்பந்தயத்தில் வென்ற வண்டிகள் பலவற்றைச் செய்து அளித்தது. பெரிய வண்டியைச் செய்த கைகளே சிறிய வண்டியையும் செய்தன. பந்தயத் தொழிலில் ஏணியின் அடிப்படியும் உச்சிப்படியும் இவ்வாறு ஒரே பட்டறையின் உறவினை உடையன.

இண்டியானாபொலிஸ் என்பது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள நகரம். அங்கே இரண்டரை மைல் சுற்றளவுள்ள நீள்வட்டத் தடம் ஒன்று 1909 இல் அமைக்கப்பட்டது. 1911 முதல், உலகப் போர்கள் நடந்த சில ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டுதோறும் 500 மைல் பந்தயம் அங்கு நடைபெற்று வருகின்றது. இருநூறு முறை அத்தடத்தைச் சுற்றி வர வேண்டும். இதில் ஓடும் வண்டிகள் ஒற்றையிருக்கை கொண்டவை; சக்கரங்கள் நான்கும் மூடப்படாமல் உடலுக்கு வெளியே நிற்பவை. ஒரு வண்டியின் சக்கரம் மற்றொரு வண்டியின் சக்கரத்தைத் தொட்டால் மேலெழுந்து பறக்கும் இயல்பு இவ்வகை வண்டிகளுக்கு உண்டு. ஆகவே இப்பந்தயத்தில் வேகத்தைக் காட்டிலும் நிதானம் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

2005 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆம் நாள் இத்தடத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில் வென்றவர் டான் வெல்டன் என்னும் ஆங்கிலேய இளைஞர். 1966 இல் கிரகாம் ஹில் வென்றதற்குப் பிறகு இங்கிலாந்தைச் சேர்ந்த எவரும் அவ்வெற்றியைப் பெற்றதில்லை. அதன்பின் மூன்றே வாரங்கள் சென்றன. ஜூன் மாதம் 19 ஆம் நாள் அதே தடத்தின் ஒரு பகுதியையும் அதன் உட்புறச் சாலையையும் இணைத்து நடத்தப்பெற்ற பார்முலா ஒன் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றவர் கோயம்புத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் வரலாற்றில் இந்தியர் ஒருவர் புள்ளிகள் ஈட்டியது அதுவே முதன்முறை. ஏறத்தாழ ஒத்த வயதினரான இவ்விருவரும் ஒரே ஆண்டில் ஒரே தடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்?

வெல்டன் 1978 இல் பிறந்தவர். பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் எம்பர்ட்டன் என்னும் சிற்றூரினர். நான்கு வயதிலேயே அவர் கார்ட் வண்டியில் ஏறி அமர்ந்தார். இங்கிலாந்தில் இஃது அரிய செய்தி அன்று. அங்கே பள்ளிச் சிறுவர்கள் வார இறுதியில் தந்தையரோடு கார்ட் தடத்திற்குச் செல்வார்கள். பத்து வயதிற்குள் வளைவில் எங்கே விசையைத் தளர்த்துவது, எங்கே மற்றொருவனை முந்துவது என்பவற்றை உடம்பே கற்றுக்கொண்டுவிடும். பதினாறு வயதளவில் பார்முலா ஃபோர்டு, அதன்பின் பார்முலா மூன்று, அதற்கும் மேல் பார்முலா ஒன் என்று படிகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன. பின்னாளில் உலக வீரராகிய ஜென்சன் பட்டன் போன்றோரோடு வெல்டன் இளமையில் போட்டியிட்டவர்.

ஆயினும் படிகள் இருந்தால் மட்டும் போதுமா? ஏறுவதற்குப் பொருள் வேண்டுமே! ஓர் ஆண்டுப் பந்தயத்திற்கு வண்டியும் எஞ்சினும் டயரும் பணியாளரும் சேர்ந்து ஆகும் செலவு நடுத்தரக் குடும்பத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. வெல்டனுக்கும் அந்நிலை வந்தது. அவர் 1999 இல் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அங்கே கீழ்ப்படியிலிருந்து மீண்டும் தொடங்கினார். முதலாண்டிலேயே அந்நாட்டின் பார்முலா இரண்டாயிரம் பட்டத்தை வென்றார். அடுத்தடுத்த படிகளில் ஏறி, 2003 இல் இண்டி பந்தயத் தொடரின் சிறந்த புதுமுக ஓட்டுநர் எனப் பெயர் பெற்றார். 2005 இல் 500 மைல் பந்தயத்தை வென்றதோடு அவ்வாண்டின் முழுத்தொடர்ப் பட்டமும் அவருக்கே கிடைத்தது. சொந்த நாட்டில் ஏணி இருந்தும் ஏற இயலாதவர், அயல்நாட்டு ஏணியில் ஏறி உச்சியை அடைந்தார்.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். கோயம்புத்தூர் பஞ்சாலைகளின் ஊர் மட்டும் அன்று. எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களின் ஊரும் ஆகும். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் வழியில், இயந்திரத்தை வாங்கி ஓட்டுவதோடு நில்லாமல் அதனைத் தாமே செய்து பார்க்கும் துணிவு அந்நகரில் வேரூன்றியது. பந்தயத் துறையில் அத்துணிவின் வடிவமாக விளங்கியவர் எஸ். கரிவரதன்.

அந்நாளில் தமிழ்நாட்டின் பந்தயக்களம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது வானூர்திகள் இறங்குவதற்கென்று அமைத்த ஓடுபாதை அது. போர் ஓய்ந்தபின் அந்தக் காங்கிரீட் தரையில் மோட்டார் ஆர்வலர்கள் பந்தயம் நடத்தத் தொடங்கினர். 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதனை ஆண்டு விழாவாக வளர்த்தது. வெளிநாட்டுப் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து, உறுப்புகளைத் தாமே கடைந்து பொருத்தி ஓட்டியவர்கள் பலர். பொருள் உள்ளவர் மட்டுமே புகக்கூடிய களமாக அது இருந்தது. கரிவரதன் இக்குறையைக் கண்டார். இந்தியச் சாலைகளில் எங்கும் காணப்பட்ட மாருதி 800 வண்டியின் எஞ்சினைக் கொண்டு, சக்கரங்கள் வெளியே நிற்கும் ஒற்றையிருக்கைப் பந்தய வண்டி ஒன்றை வடிவமைத்தார். ‘பார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் ஒரே வகை வண்டி. ஒரே வகை எஞ்சின். ஆகவே பணத்தின் வேறுபாடு குறைந்து, ஓட்டுபவன் திறமை வெளிப்பட வழி பிறந்தது. கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நரேன் கார்த்திகேயன் 1977 ஆம் ஆண்டு பொங்கல் நாளான ஜனவரி 14 இல் பிறந்தவர். தந்தையார் ஜி.ஆர். கார்த்திகேயன் நெடுந்தொலைவு மோட்டார்ப் போட்டிகளில் தேசியப் பட்டம் வென்றவர். ஆகவே வீட்டில் எஞ்சின் ஓசைக்குக் குறைவில்லை. ஆனால் ஆங்கிலச் சிறுவனுக்கு எட்டு வயதில் கிடைக்கும் கார்ட் பந்தயம் என்னும் அடிப்படி அவர் காலத்து இந்தியாவில் ஒழுங்காக வைக்கப்படவில்லை. அவர் முதன்முதல் பந்தயத்தில் இறங்கியது ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில், கரிவரதன் படைத்த பார்முலா மாருதியில்தான். அந்த முதற்பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினார். பின்னர் 1992 இல், பதினைந்து வயதில், பிரான்சு நாட்டின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்று, அங்கு நடந்த தேர்வில் அரையிறுதி வரை முன்னேறினார்.

அதன்பின் அவருடைய பயணத்தை நாட்டுப் படத்தில் வரைந்தால் அது வணிகர் ஒருவரின் கடற்பயணம் போல் தோன்றும். 1994 இல் இங்கிலாந்தில் பார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற்பந்தயப் பட்டம் அது. 1996 இல் பார்முலா ஆசியா பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1998 முதல் மூன்றாண்டுகள் இங்கிலாந்தின் பார்முலா மூன்று தொடரில் ஓட்டி, 1999 இல் இரண்டு பந்தயங்களில் வென்று, 2000 இல் தொடரின் நான்காம் இடத்தைப் பெற்றார். 2001 இல் ஜப்பானில் ஓட்டினார். அவ்வாண்டு ஜூன் 14 ஆம் நாள் சில்வர்ஸ்டன் தடத்தில் ஜாகுவார் குழுவின் பார்முலா ஒன் வண்டியைச் சோதனைக்காக ஓட்டியபோது, அவ்வகை வண்டியை ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெயர் அவருக்குச் சேர்ந்தது.

சோதனைக்கு ஓட்டுவது ஒன்று. பந்தயத்தில் இடம் பெறுவது மற்றொன்று. 2004 ஆம் ஆண்டிற்கு மினார்டி என்னும் சிறிய குழுவினர் இடம் தர இசைந்தனர். ஆயின் அதற்கு வேண்டிய பொருளுதவி திரளாமையால் அந்த வாய்ப்பு நழுவியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மற்றொருவராயின் மனம் ஒடிந்து ஊர் திரும்பியிருப்பார். அவரோ முன்போலவே ஐரோப்பாவில் நிசான் உலகத் தொடரில் ஓட்டி, 2004 இல் வாலென்சியாவிலும் மான்யீ கூரிலும் வெற்றி பெற்றார். 2005 பிப்ரவரி முதல் நாள், ஜோர்டன் குழுவில் சேர்ந்துள்ள செய்தி வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அந்த நாள் வரையில் அவர் கடந்து வந்த காலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இண்டியானாபொலிஸில் நிகழ்ந்தது யாது? பார்முலா ஒன் பந்தயத்தின் இறுதி வளைவு, நீள்வட்டத் தடத்தின் சாய்வான வளைவுகளுள் ஒன்று. வண்டிகள் முழு வேகத்தில் அதனைக் கடக்கும்போது டயரின் பக்கவாட்டில் பெரும்பாரம் அழுந்தும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அவ்வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் வண்டி டயர் பழுதுற்று மதிலில் மோதியது. தங்கள் டயர்கள் அவ்வளைவுக்குத் தாங்கும் என்று உறுதி கூற இயலாது என மிஷலின் நிறுவனத்தார் அறிவித்தனர். அவ்வாண்டு விதிப்படி, தகுதிச் சுற்றுக்கும் பந்தயம் முழுமைக்கும் ஒரே டயர்களைத்தான் பயன்படுத்த வேண்டும். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும் தடுப்பு அமைக்கலாம் என்னும் யோசனையை உலக மோட்டார்ச் சம்மேளனம் ஏற்கவில்லை. முடிவு என்ன? இருபது வண்டிகளும் முன்னோட்டச் சுற்றுக்குப் புறப்பட்டன; மிஷலின் டயர் பூண்ட பதினான்கு வண்டிகளும் அச்சுற்று முடிந்ததும் பணிமனைப் பாதைக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டன் டயர் பூண்ட ஆறு வண்டிகள் மட்டும் பந்தயத்தைத் தொடங்கின. பார்வையாளர் கூச்சலிட்டனர், சிலர் தடத்தின்மேல் புட்டிகளை எறிந்தனர்.

73 சுற்றுகள் கொண்ட அப்பந்தயத்தை அந்த ஆறு வண்டிகளும் இறுதி வரை ஓடி முடித்தன. ஃபெராரி குழுவின் மைக்கேல் ஷூமாக்கரும் பாரிக்கெல்லோவும் முதல் இரண்டு இடங்களில் வந்தனர். ஜோர்டன் குழுவின் மான்டெய்ரோ மூன்றாமிடம். நம் கார்த்திகேயன் நான்காமிடம். ஐந்து புள்ளிகள் அவர் பெயரில் ஏறின.

ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் நான்காமிடம் ஒரு பெருமையா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இவ்வினாவை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இருபது வண்டிகளும் ஓடியிருந்தால் அவ்விடம் அவருக்குக் கிடைத்திராது என்பது வெளிப்படை. ஜோர்டன் அவ்வாண்டு பின்வரிசைக் குழு. ஆனால் வரலாறு வேறொன்றையும் நோக்க வேண்டும். பதினான்கு வண்டிகள் ஒதுங்கிய அந்த நாளில் ஓடும் தகுதியோடு அங்கே நின்ற அறுவருள் ஓர் இந்தியர் இருந்தது எவ்வாறு? சோழவரத்தின் பழைய ஓடுபாதை, கரிவரதனின் எஞ்சின், பிரான்சின் பள்ளி, இங்கிலாந்தின் மழைக்காலத் தடங்கள், ஜப்பானில் கழிந்த ஓராண்டு, நழுவிப் போன மினார்டி வாய்ப்பு ஆகிய இவை அனைத்தும் சேர்ந்தே அவரை அங்கே நிறுத்தின. வேற்றூரில் பணிபுரியும் தமிழர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். பிறர் விட்டுச் சென்ற இடம் இவனுக்குக் கிடைத்தது என்று அண்டை அயலார் சொல்லக் கேட்டவர்கள் நம்முள் பலர். இடம் காலியாவது தற்செயல். காலியான நேரத்தில் தொழில் தெரிந்தவனாக அங்கு நிற்பது தற்செயல் அன்று.

அமெரிக்க மண்ணோடு அவர் தொடர்பு அத்தோடு முடியவில்லை. 2010 இல் அவர் மீண்டும் அங்குச் சென்று, நாஸ்கார் அமைப்பின் சரக்குவண்டித் தொடரில் ஓட்டினார். வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் தடத்தில் அவர் ஓட்டிய முதற்பந்தயத்தில் பதின்மூன்றாமிடம் பெற்றார். அவ்வாண்டு இறுதியில் அத்தொடரின் ரசிகர்கள் தம் அன்புக்குரிய ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். அதே 2010 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

2011 ஆம் ஆண்டு இவ்விரு வரலாறுகளையும் மீண்டும் ஒருமுறை அருகருகே கொணர்ந்தது. அவ்வாண்டு வெல்டனுக்கு முழுத்தொடரில் ஓட்ட நிலையான குழு இல்லை. இருப்பினும் சிறிய குழு ஒன்றின் வண்டியில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் இறங்கினார். முன்னே சென்ற இளைஞர் கடைசி வளைவில் மதிலில் மோத, வெல்டன் அவரைக் கடந்து இரண்டாம் முறை வென்றார். அடுத்த ஆண்டிற்கென்று உருவாகிக் கொண்டிருந்த, முன்னினும் பாதுகாப்பான புதிய வண்டியைச் சோதித்து ஓட்டும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அக்டோபர் 16 ஆம் நாள் லாஸ் வேகாஸில் முப்பத்து நான்கு வண்டிகள் நெருங்கி ஓடிய பந்தயத்தில், பதினோராம் சுற்றில் பதினைந்து வண்டிகள் மோதிக்கொண்டன. வெல்டன் உயிர் நீத்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. அவர் சோதித்துப் பார்த்த புதிய வண்டிக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளையே சூட்டினர்.

அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 30 ஆம் நாள், தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. பந்தயம் தொடங்குமுன் வெல்டனுக்காகவும், அதற்கு முந்திய வாரம் மலேசியாவில் மாண்ட இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் சிமோன்செல்லிக்காகவும் ஒரு நிமிடம் மௌனம் காத்தனர். அந்தப் பந்தயத்தில் நம் நாட்டின் சார்பில் ஓடியவர் நரேன் கார்த்திகேயன் ஒருவரே. அவ்வாண்டின் நடுவில் அவருடைய குழுவினர் அவரை விலக்கி, டேனியல் ரிக்கார்டோ என்னும் ஆஸ்திரேலிய இளைஞரை அமர்த்தியிருந்தனர். இந்தியப் பந்தயத்திற்கென்று கார்த்திகேயனை மீண்டும் அழைத்தனர். குழுவின் வண்டியோ வரிசையின் கடைசியில் ஓடுவது. அவர் பதினேழாமிடத்தில் வந்தார். தம் இடத்தைப் பெற்ற ரிக்கார்டோ அவருக்கு அடுத்துப் பதினெட்டாமிடத்தில் வந்தார். சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன் ஓடிய அப்பந்தயத்தில் அவர் பெற்ற இடத்திற்குப் புள்ளி ஏதும் இல்லை. ஆயினும் மதிப்பு உண்டு.

நரேனுக்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 2010 இல், பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இரண்டாம் இந்தியர் கருண் சந்தோக். அவரும் சென்னையில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து இத்துறையின் உச்சிப்படியில் கால் வைத்த இருவருமே தமிழ்நாட்டின் தடங்களோடு தொடர்புடையவர்கள் என்பது தற்செயலாக நிகழ்ந்தது அன்று. ஓடுபாதையைப் பந்தயக்களமாக மாற்றியவர்களும், மாருதி எஞ்சினைப் பந்தய எஞ்சினாக மாற்றியவரும் இந்த மண்ணில் வாழ்ந்ததன் பயன் அது. கிரேட்டர் நொய்டாவில் பெரும்பொருட் செலவில் அமைந்த தடத்தில் பார்முலா ஒன் பந்தயம் 2013 உடன் நின்றுபோனது. உச்சிப்படியை மட்டும் பளிங்கால் இழைத்து வைத்தால் ஏணி ஆகாது, அடிப்படி வேண்டும்.

அடிப்படியின் தேவையை நன்கு உணர்ந்தவர், அது வாய்க்கப் பெறாத கார்த்திகேயனேயாவார். 2014 முதல் ஜப்பானிலேயே பல ஆண்டுகள் ஓட்டி, 2019 நவம்பரில், நாற்பத்திரண்டாம் வயதில், ஃபூஜி தடத்தில் ஒரு வெற்றியைப் பெற்றார். கோவையில் இளைஞர்களுக்குப் பந்தயப் பயிற்சி அளிக்கும் பணியையும் மேற்கொண்டார். இன்று தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் சிறுவர்கள் கார்ட் வண்டியில் தொடங்கி முறையாகப் பயிலும் தடங்கள் தோன்றியுள்ளன. நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ தமிழ் பேசும் ஒரு வீட்டில் எஞ்சின் ஓசையில் மனம் பறிகொடுக்கும் சிறுமியோ சிறுவனோ இருப்பின், எல்லையின் எப்பக்கம் பிறந்தோம் என்பது அவர்களுக்குத் தடையாகாது. கற்கும் இடம் அருகில் இருக்கின்றதா, கற்பிக்கும் செலவுக்கு ஒருவர் கை கொடுப்பாரா என்னும் இரண்டும்தான் அவர்கள் எதிர்காலத்தை வகுக்கும். இவ்விரண்டையும் இயன்ற அளவில் ஏற்பாடு செய்து தருவது, ஊர் கடந்து உழைத்துப் பொருள் ஈட்டும் நம்மவர்க்கு எட்டாத பணி அன்று.